‘இடி விழுந்துவிட்டது’ என்பது விளக்கம் ஆகாது

கிழக்கிந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கருவிகள் எந்த மாதங்களில் மிகுதியாகப் பழுதாகின்றன என்று யாரேனும் கணக்கெடுத்தால், ஏப்ரல், மே என்னும் விடையே கிடைக்கும் என்று எண்ணுகிறேன். வங்காளத்தில் கால்பைசாகி என்றும் அசாமில் பொர்தொய்சிலா என்றும் வழங்கும் கோடைக்காலப் புயல்மழைக்குரிய மாதங்கள் அவை. மூன்று மணிக்கு வெயில் காயும். நான்கு மணிக்கு வடமேற்கு வானம் கறுக்கும். ஐந்து மணிக்கு மின்சாரம் நின்றுபோயிருக்கும். மறுநாள் காலை ஏதேனும் ஒரு துறையிலிருந்து நிருவாகப் பிரிவுக்கு ஒரு குறிப்பு செல்லும். பழுதுக்கான காரணம் என்ற இடத்தில், எழுதப்படும் மொழி எதுவாயினும், பொருள் ஒன்றே: இடி விழுந்துவிட்டது.

அந்த வாக்கியத்துக்கு எதிராகவே இப்பதிவை எழுதுகிறேன். நான் மின்பொறியியல் படித்தவன் அல்லன், மொழியியல் மாணவன். மின்சாரத்தைப் பற்றிக் கீழே கூறுபவை தர ஆவணங்களிலிருந்தும் பொறியாளர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டவை. ஆனால் அந்த வாக்கியம் என் துறைக்குள் வருவது. அதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டு.

தமிழில் இடி விழுகிறது. இந்தியில் ‘பிஜ்லி’ விழுகிறது. வங்காளியில் ‘பாஜ்’ விழுகிறது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ‘டன்கா’ விழுகிறது. எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். எதிலும் கருத்தா இல்லை. யாரும் எதையும் செய்யவில்லை, செய்யத் தவறவும் இல்லை. ஒரு பொருள் வானத்திலிருந்து விழுந்தது, அவ்வளவே. தமிழ் இன்னும் ஒரு படி மேலே சென்று, மின்னோட்டம் செய்த கேட்டை ஒலியின் தலையில் ஏற்றுகிறது. சுடுவது மின்னல், பழி இடிக்கு. அதைத் தடுக்கக் கூரைமேல் நடும் கம்பிக்கும் ‘இடிதாங்கி’ என்றே பெயர். மொழி சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் திறக்கும் எண்ணம் எனக்கில்லை. இவ்வினைகளைப் பேசும் மக்கள்தாம் மிகச் சிறந்த மின்பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். ஆயினும் அலுவலகக் கோப்பில் ஏறும்போது இந்த வினைக்கு ஒரு பயன் உண்டாகிவிடுகிறது: அது விசாரணையை முடித்துவைக்கிறது. மேலிருந்து விழுந்ததற்கு யார் பொறுப்பேற்பது?

உண்மையில், நம் கருவிகளைக் கொல்லும் மின்னல்களில் பெரும்பாலானவை அவற்றின்மேல் விழுவதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஒலியியல் ஆய்வகத்தின் கதையைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. ஒரு கோடைமழை மாலையில் அங்கே இரண்டு கணினிகளும், குரல்வளை அதிர்வை அளக்கும் ஒரு கருவியும், இரண்டு வன்தட்டுகளும் ஒரே நொடியில் போயின. கட்டடத்தின் மேல் இடிதாங்கி இருந்தது. அதில் ஒரு கீறலும் இல்லை. கட்டடத்தின்மேல் எதுவும் விழவுமில்லை. மின்னல் இறங்கியது சற்றுத் தொலைவிலிருந்த ஒரு மரத்தில். ஆய்வகத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே, மரக்கிளைகளின் ஊடாகக் கட்டி இழுக்கப்பட்ட செம்புக் கம்பி வலையிணைப்பு ஒன்று இருந்தது. வலையிணைப்புப் பெட்டியில் அந்தக் கம்பி நுழையும் துளை மட்டும் கறுத்திருந்தது. பார்த்த உடனே எவருக்கும் புரியக்கூடிய தடயம் அது. இருந்தும் கோப்பில் எழுதப்பட்டது மேற்சொன்ன வாக்கியமே. புதிய கணினிகள் வந்தன. அவை அதே கம்பியில் இணைக்கப்பட்டன.

அந்த இரண்டு வன்தட்டுகளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஒரு மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் என்பது பாடநூல்களில் காணப்படும் அளவு. ஆனால் நம் கருவிகளுக்கு எமனாவது அந்த எண் மட்டுமன்று; அந்த எண்ணை அது எட்டும் வேகம். ஒரு சில மைக்ரோநொடிகளில், அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குகளில், மின்னோட்டம் சுழியத்திலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறது. இவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி விரைவாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்துக்குள் அகப்படும் ஒவ்வொரு நீண்ட கம்பியும் ஓர் ஆன்டெனா. மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, வலையிணைப்புக் கம்பி, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கண்காணிப்புக் கேமராக் கம்பி ஆகிய எதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படலாம். எதிர்முனையில் இருப்பதோ, சில வோல்ட்டுகளில் வேலை செய்யும் சில்லு. அதனுள் இருக்கும் காப்புப் படலத்தின் தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான் அளக்கப்படுகிறது.

இடிதாங்கி இதற்கு உதவாது என்பது மட்டுமன்று. அதன் பணியே வேறு. 1752-ஆம் ஆண்டைய சோதனைகளுக்குப் பின் பிராங்க்ளினின் கம்பி உலகெங்கும் பரவியதன் நோக்கம், கட்டடம் தீப்பிடிக்காமலும் பிளக்காமலும் காப்பது. அதை அது செவ்வனே செய்கிறது. ஆனால் அதன்மேல் உண்மையாகவே மின்னல் இறங்கினால், அத்தனை மின்னோட்டமும் சுவரோரமாகக் கீழே ஓடும். நேரான ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல்திறன் உண்டு. மைக்ரோநொடிக்குப் பத்தாயிரம் ஆம்பியர் என்று மின்னோட்டம் ஏறினால், மீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட். அச்சுவரின் மறுபுறம் உங்கள் ஒலிப்பதிவு மேசை இருக்கிறது. இடிதாங்கி வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கும் கட்டடத்தில்தான் உள்ளே இருக்கும் கருவிகளுக்குக் கூடுதல் காப்பு வேண்டும்.

இந்தியத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ள ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 என்னும் தரம் நான்கு பகுதிகள் கொண்டது. அதன் நான்காம் பகுதி முழுவதும் கட்டடத்துக்குள் இருக்கும் மின், மின்னணு அமைப்புகளைப் பற்றியதே. அதன் அடிப்படைக் கருத்து பழைய கோட்டைகளைக் கட்டியவர்களுக்குப் புதிதன்று: மதிலுக்குள் மதில். வெளிவெளி ஒரு மண்டலம், கட்டடத்தின் உட்புறம் ஒரு மண்டலம், கருவி இருக்கும் அறை இன்னொரு மண்டலம். ஒவ்வோர் எல்லையையும் கடந்து உள்ளே வரும் ஒவ்வோர் உலோகக் கம்பிக்கும் வாயிலில் ஒரு காவலாளி நிற்கவேண்டும். அந்தக் காவலாளிதான் எஸ்.பி.டி. எனப்படும் எழுச்சிக் காப்புக் கருவி. கட்டட நுழைவில் பெரியது, தளத்தின் மெயின் போர்டில் அடுத்தது, கருவிக்கு அருகில் சிறியது என மூன்று வகைகள். முதலாவது பெரும்பகுதியை நிலத்துக்கு அனுப்பும். மிச்சத்தை அடுத்தவை கவனிக்கும். கடைசி ஒன்றை மட்டும் வாங்கி மேசையடியில் வைத்துவிட்டு முதலிரண்டையும் மறப்பது நம் வழக்கம்.

இனி எர்த். பாடநூல்கள் இதைப் புவித்தொடுப்பு என்றும் புவி இணைப்பு என்றும் எழுதுகின்றன. மின்பணியாளர் எவரும் எர்த் என்றே சொல்வர். நானும் அவ்வாறே சொல்கிறேன். எர்த் குழி இருந்தால் போதும், மின்தடை குறைவாக இருந்தால் போதும் என்பதே பொதுவான நம்பிக்கை. மின்தடை குறைவாக இருக்கவேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இடிதாங்கிக்கு 10 ஓம் வரை ஏற்கத்தக்கது என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. 30,000 ஆம்பியர் 10 ஓம் வழியே நிலத்தில் இறங்கினால், அந்தக் கணத்தில் அந்த எர்த்தின் அழுத்தம் மூன்று லட்சம் வோல்ட். அதாவது நாம் சுழியம் என்று நம்பியிருக்கும் நிலமே உயர்ந்துவிடுகிறது. இங்கேதான் ‘விழுகிறது’ என்ற வினை முற்றிலும் பொய்த்துப்போகிறது. இப்போது எழுச்சி வருவது காலுக்கடியிலிருந்து.

அப்படியானால் தப்பிக்க வழி என்ன? கட்டடத்திலுள்ள எல்லாமே ஒன்றாக உயர்வதுதான். வெள்ளம் ஏறும்போது துறையில் கட்டியுள்ள படகுகள் எல்லாம் சேர்ந்து மேலே வந்தால் எதற்கும் சேதமில்லை. ஒரு படகு மட்டும் கரையிலுள்ள கல்லோடு குட்டைக் கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தால் அதுதான் கவிழும். மின்கம்பியின் எர்த், இடிதாங்கியின் எர்த், வலையிணைப்பின் எர்த், நீர்க்குழாய் எல்லாவற்றையும் கட்டடத்தின் ஒரே இடத்தில் தடித்த கம்பியால் பிணைப்பது என்பது இதுவே. நம் ஆய்வகங்கள் பலவற்றில் இதற்கு நேர் எதிரானதைப் பெருமையோடு காட்டுவார்கள்: “எங்கள் கருவிக்கென்று தனி எர்த் போட்டிருக்கிறோம், வேறு எதோடும் சேராது.” தூய்மை என்று அவர்கள் கருதும் அந்தத் தனிமைதான் குட்டைக் கயிறு. தனி எர்த் வேண்டுமென்றால் இருக்கட்டும். அது கட்டடத்தின் எர்த்தோடு பிணைந்திருக்கவேண்டும். இதில் சமரசமில்லை என்று நான் பேசிய பொறியாளர் ஒவ்வொருவரும் கூறினர்.

எர்த் சரியில்லாத ஆய்வகம் இடிக்கு வெகுநாள் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதை ஒலியியல் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். பதிவில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கிறதா? அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், தாழ்ந்த ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். பிராட் மென்பொருளில் சுருதிக் கோடு காரணமின்றி 100-ஐ ஒட்டித் தட்டையாக நின்றால் முதலில் ஐயுறவேண்டியது பேசியவரின் தொனியை அன்று, சுவரிலுள்ள பிளக்கை. நாம் என்ன செய்கிறோம்? வடிகட்டியைப் போட்டு இரைச்சலை நீக்கிவிட்டுக் கட்டுரையை அனுப்புகிறோம். இரைச்சலுக்கு எர்த் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். மோசமான கம்பியாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்ப்பதற்கு அது போதிய காரணம்.

பார்த்தால் என்ன தெரியும்? மூன்று துளைகள் கொண்ட சாக்கெட்டில் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமலிருப்பது தெரியும். அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருகும் பத்து ரூபாய் இணைப்பான் தெரியும். எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் செய்யப்பட்டிருப்பது, முதலில் இணையவும் கடைசியில் பிரியவும்தான். அத்தனை யோசித்துச் செய்த ஒன்றை நாம் ஒடித்துவிட்டுப் பயன்படுத்துகிறோம்.

நாம் நம்பும் மற்றவற்றைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீராக்குவது. அது விழித்துக்கொள்வதற்குள் மைக்ரோநொடி எழுச்சி கடந்து போயிருக்கும். சாதாரண யூ.பி.எஸ். மின்சாரம் இருக்கும்வரை அதை ஏறத்தாழ அப்படியே கருவிக்கு அனுப்புகிறது. ஆன்லைன் வகை மேலானது, ஆனால் அதற்கும் முன்னால் காப்பு வேண்டும். ‘ஸ்பைக் பஸ்டர்’ என்ற பெயரில் கடைகளில் விற்பவற்றில் பல வெறும் நீட்டிப்புப் பலகைகளே. உள்ளே வேரிஸ்டர் என்னும் துத்தநாக ஆக்சைடு வில்லை இருந்தால்தான் அது காப்பு. அந்த வில்லையும் ஒவ்வொரு எழுச்சியைத் தாங்கும்போதும் சிறிது தேய்கிறது, ஒருநாள் செத்துப்போகிறது. செத்த பின்னும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஏனெனில் மலிவான பலகைகளில் அவ்விளக்கு சொல்வது மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே. எர்த் இல்லாவிட்டால் அவ்வில்லைகளில் எர்த்தை நோக்கிக் கட்டப்பட்டவை ஒன்றும் செய்ய இயலாது.

மின்னல் இல்லாமலும் எழுச்சி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும் தருணம் ஆபத்தானது. காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு 400 வோல்ட் வரை போகக்கூடும். அது மைக்ரோநொடி விவகாரமன்று, நிமிடக்கணக்கில் நீடிக்கும். அதற்குத் தனிக் காப்பு வேண்டும். வேரிஸ்டர் அதில் எரிந்துதான் போகும்.

இவ்வளவும் தெரிந்த செய்திகளே. தர ஆவணங்கள் இருக்கின்றன, பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. மெயின் போர்டில் பொருத்தும் ஒரு எஸ்.பி.டி.யின் விலை சில ஆயிரம் ரூபாய். அது காக்கும் கருவிகளின் விலை லட்சங்களில். பிறகு ஏன் நடக்கவில்லை? என் கருத்தில் காரணம் அறியாமை அன்று, கணக்குத் தலைப்பு.

ஆய்வுத் திட்ட நிதியில் கருவி வாங்க ஒரு தலைப்பு உண்டு, தொடர்செலவுக்கு ஒன்று உண்டு. எர்த் குழி தோண்டுவது கருவியா? இல்லை. தொடர்செலவா? இல்லை. அது கட்டடப் பராமரிப்பு. பொறியியல் பிரிவைக் கேளுங்கள் என்பார்கள். பொறியியல் பிரிவைக் கேட்டால், கட்டடத்துக்கு எர்த் இருக்கிறது, உங்கள் கருவிக்குச் சிறப்பாக வேண்டுமென்றால் உங்கள் திட்ட நிதியிலிருந்து கொடுங்கள் என்பார்கள். இரண்டு பதிலும் விதிப்படி சரியானவை. இரண்டுக்கும் நடுவில் எர்த் விழுந்துவிடுகிறது. கொள்முதலிலோ குறைந்த விலைப்புள்ளிக்கே வெற்றி. காப்புக் கருவியையும் சேர்த்து விலை சொன்ன நிறுவனம் அதனாலேயே தோற்கும், விவரக்குறிப்பில் அது கட்டாயம் என்று நாம் எழுதியிருந்தாலன்றி. அந்த ஒரு வரியை எழுதவேண்டியவர்கள் பேராசிரியர்களும் நாமும்தான்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நடுவண் அரசின் பொது நிதி விதிகளின்படி அரசுச் சொத்துகளைப் பொதுவாகக் காப்பீடு செய்வதில்லை. செய்யும் தனியார் நிறுவனங்களும் ஆவணத்தைக் கூர்ந்து படிக்கவேண்டும். இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொதுத் தீக்காப்பீட்டு ஆவணம் மின்னலைத் தான் ஏற்கும் இடர்களின் பட்டியலில் இரண்டாவதாக, தீக்கு அடுத்தே வைக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் விலக்குகள். மின்கருவிகளில் மிகையழுத்தம், குறுக்குச்சுற்று முதலியவற்றால் நேரும் சேதம் எக்காரணத்தால் வந்தாலும் ஏற்கப்படாது என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் மின்னலும் அடங்கும் என்று சேர்க்கிறது. ஒரே சொல் பட்டியலில் உள்ளே, அடைப்புக்குறிக்குள் வெளியே. பயன்வழியியல் வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கத் தகுந்த ஆவணம் அது. மின்னணுக் கருவிகளுக்கென்று தனிக் காப்பீடு உண்டு; அதைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

எப்படியானாலும் காப்பீடு தருவது கருவியின் விலையை. இப்போது அந்த இரண்டு வன்தட்டுகளுக்கு வருகிறேன்.

அவற்றில் ஒன்றில் ஓர் ஆய்வாளர் பல ஆண்டுகள் சேர்த்த களப்பதிவுகள் இருந்தன. சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மொழி. பதிவில் பேசிய முதியோருள் சிலர் இப்போது இல்லை. இரண்டாவது வன்தட்டில் இருந்தது முதலாவதன் நகல். இரண்டும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. நகல் எடுத்தாயிற்று என்ற நிம்மதியோடுதான் அன்று மாலை எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஒரு பகுதி பின்னர் மீட்கப்பட்டது. மீதி இல்லை. சேத மதிப்பீட்டில் வன்தட்டு இரண்டு என்று எண்ணிக்கையும் அவற்றின் வாங்கிய விலையும் மட்டும் குறிக்கப்பட்டிருந்தன.

ஒரே மின்கம்பியில் தொங்கும் இரண்டு நகல்கள் ஒரு நகலே. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பயிற்சிப் பட்டறைகளில் எல்லாரும் எழுதிக்கொள்கிறோம். அதில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தது ஒரு நகல் எந்தக் கம்பியோடும் இணையாமல் இருக்கவேண்டும். எழுதி முடித்ததும் பிடுங்கிப் பெட்டியில் வைக்கவேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். நூறு மணி நேரப் பதிவு ஒரு விரல்நக அளவுள்ள அட்டையில் அடங்கிவிடும். காணொளி என்றால் கதை வேறு. அப்போதும் பெட்டி ஒன்றே போதும்.

கிரியர்சனின் இந்திய மொழிகளின் கள ஆய்வோடு ஒட்டி 1913-க்கும் 1929-க்கும் இடையே எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளை நம்மில் பலர் இணையத்தில் கேட்டிருப்போம். ஊதாரி மகன் உவமையை எத்தனை மொழிகளில் எத்தனை குரல்கள் சொல்கின்றன! அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். ஆனால் நூறு புயல்மழைகள் அதன் அருகே இடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நம் பதிவுகள் அவற்றைவிடப் பன்மடங்கு தெளிவானவை, பன்மடங்கு எளிதில் அழிபவை. 10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தவென்று 2013-இல் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழியாக ஒரு திட்டம் தொடங்கப்பட்டது, நற்பணி. ஆயினும் ஆவணப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவில் வருவது பதிவுக்கருவியும் மொழியியலாளரும்தான். மெயின் போர்டு வருவதில்லை. அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அன்விதா அப்பி அவரோடு பணியாற்றிப் பதிவு செய்திருந்ததால் அக்குரல் இன்றும் இருக்கிறது. அப்படி ஒரு பதிவை இழந்தால் மீண்டும் களத்துக்குப் போக வழியில்லை. எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் வாங்கக் கிடைக்காத பொருள் அது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன், அது நியாயமானதும்கூட. தேசிய குற்றப் பதிவுகள் ஆணையத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மின்னலால் இறந்தோர் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் அவ்வாண்டு நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. வயலில் நாற்று நடுபவரும் மாடு மேய்ப்பவரும் செத்துக்கொண்டிருக்கையில் வன்தட்டுகளுக்காக ஒருவன் அழுகிறான் என்று சொன்னால் நான் என்ன பதில் கூறுவது? உயிரையும் கருவியையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் தடையாக நிற்பது அதே வாக்கியம். விழுந்தது, விதி, முடிந்தது. வயலில் இறந்தவர் பற்றிய செய்தியிலும் அதே வினைதான் வருகிறது. அங்கே ஒதுங்க இடமிருந்ததா, எச்சரிக்கை அவரை எட்டியதா என்ற கேள்விகளை அது அதே விதத்தில் மூடிவிடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி நம் கைப்பேசியில் இருக்கிறது. களத்துக்குப் போகும் ஆய்வாளர் அதைத் தம் மடிக்கணினியைப் பிடுங்குவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது வெட்கக்கேடு. நமக்காகப் பேச வரும் முதியவர் எந்த வயலைக் கடந்து எந்த நேரத்தில் திரும்பிச் செல்கிறார் என்று பார்த்துப் பதிவு நேரத்தை முற்பகலுக்கு மாற்றிக்கொள்வது, அனுமதிப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதைப் போலவே ஆய்வு அறத்தில் சேரும்.

களத்தில் நான் கடைப்பிடிப்பவை மிகச் சில. பதிவு எப்போதும் மின்கலத்தில். சுவரில் செருகிக்கொண்டு பதிவு செய்வதில்லை. இதனால் ரீங்காரமும் இல்லை, எழுச்சியும் இல்லை. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் நான் வகுத்துக்கொண்டிருப்பதில்லை, முதல் உறுமலிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவேன். புயல் தலைக்குமேல் வந்துவிட்டால் பிளக்கைத் தொடக்கூடாது. மின்சாரம் திரும்பினால் சில நிமிடம் கழித்தே செருகுவது. நேராக இறங்கும் மின்னலை எந்தப் பலகையும் தாங்காது. அங்கே பிடுங்கிய பிளக் ஒன்றே காப்பு.

பல்கலைக்கழகத்திலோ பிடுங்கினால் மட்டும் போதாது, ஏனெனில் சேவையகங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் இரவெல்லாம் ஓடவேண்டியவை. அங்கே நான் கேட்பவை மூன்று. கட்டடங்களுக்கிடையே செம்புக் கம்பி இருந்தால் அதை உலோகக் கவசமில்லாத ஒளியிழையாக மாற்றுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மெயின் போர்டில் எஸ்.பி.டி. பொருத்தும்போது அதன் இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டாதபடி பாருங்கள்; முன்சொன்ன மீட்டர்க் கணக்கு அங்கும் பொருந்தும். அழகுக்காகச் சுருட்டிக் கட்டிய நீண்ட கம்பி அக்கருவியை அலங்காரப் பொருளாக்கிவிடும். மூன்றாவது, நிதி வழங்கும் அமைப்புகளிடம் நாம் சேர்ந்து கேட்கவேண்டியது: கருவித் தலைப்பின்கீழ் அக்கருவிக்கான மின்காப்பும் எர்த்தும் ஏற்கத்தக்க செலவு என்று வழிகாட்டுதலில் ஒரு வரி. புதிய பணம்கூட வேண்டாம். ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடும் அனுமதி போதும்.

பேராசிரியர்கள் இதைப் படித்தால், அடுத்த கொள்முதல் குழுக் கூட்டத்தில் அந்த வரியை விவரக்குறிப்பில் சேர்க்கப் பாருங்கள். ஆய்வு மாணவர்கள் உங்கள் துறையில் எர்த் மின்தடை கடைசியாக அளக்கப்பட்ட தேதியைக் கேட்டுப் பாருங்கள். பொறியியல் பிரிவில் அதற்கென்று ஒரு பதிவேடு இருக்கவேண்டும். நான் என் துறைக்காகக் கேட்டு விண்ணப்பித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பதிவேடு தேடப்பட்டு வருகிறது. உங்களுக்குக் கிடைத்த தேதியை இங்கே எழுதுங்கள். ஒரு பட்டியலாகத் தொகுத்து, நிறுவனப் பெயர்கள் இன்றி, மழைக்காலம் முடிவதற்குள் வெளியிடுகிறேன்.